பியானோ சும்மா இருந்த இடங்கள்

வயலின் பெட்டியை அந்த நாற்காலியிலிருந்து எடுக்கச் சொன்னாள் ரூபி. அது தேவாலயத்து ஃபாதர் ஒருவேளை வந்தால் உட்காரப் போட்டிருந்த நாற்காலி. வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வைத்து, வந்தவர் போனவர் யாரும் உட்கார்ந்துவிடாமல் காலையிலிருந்து அவள் காவல் காத்த நாற்காலி. பெட்டியின் சொந்தக்காரி திவ்யதர்ஷினி "சாரி, ஆன்ட்டி," என்று அதைத் தூக்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். சவப்பெட்டி வைத்திருந்த மேடையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

"அங்க வேணாம்," என்றாள் ரூபி. "அங்க ஏற்கெனவே ஒரு ஆள் படுத்திருக்கான்."

படுத்திருந்தவன் அவள் தம்பி லாசரஸ். ஐம்பத்தாறு வயது. மூன்று நாளைக்கு முன்னால், சுவா சூ காங்கில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவன், சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். அவன் போகவேண்டிய பேருந்து வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போனதாம். அதைப் பார்த்த ஒரு பெண்மணி இரங்கல் சொல்ல வந்த இடத்தில் இதையும் சொல்லிவிட்டுப் போனாள். பேருந்தைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றுதான் ரூபிக்கு முதலில் தோன்றியது.

ஃபேரர் பார்க்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு மின்விசிறி, மேசைக்கு மேசை வேர்க்கடலை, பாக்கெட்டில் செவ்வந்தித் தேநீர். வந்தவர்கள் தேநீரை உறிஞ்சி முடித்து, அடியில் சத்தம் வரும்வரை இழுத்துவிட்டு, லாசரஸ் எவ்வளவு நல்லவன் என்று பேசினார்கள். அவன் உயிரோடு இருந்தபோது இவர்களில் ஒருவர் அவனைத் தேடி லிஃப்ட் ஏறியதை ரூபி பார்த்ததில்லை. பெயருக்கு ஏற்றபடி, பைபிளில் வரும் லாசரஸ்போல, நாலாம் நாள் எழுந்து வந்துவிடுவானோ என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து அவளிடம் சொல்லியிருந்தார்கள். மூன்று பேருமே அது தங்களுக்கு மட்டும் தோன்றியதாக நினைத்தார்கள்.

தம்பியிடம் ரூபி கண்ட குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும் அளவுக்குப் பெரியது. எதையும் முடிக்க மாட்டான். பாலிடெக்னிக்கில் சேர்ந்தான், இரண்டாம் வருடத்தில் விட்டான். ஒரு ஹோட்டல் லவுஞ்சில் ஜாஸ் பியானோ வாசித்தான், ஆறு வருடத்தில் விட்டான். கல்யாணம் செய்துகொண்டான், பதினான்கு மாதத்தில் அந்தப் பெண் இவனை விட்டாள். அதையும் ரூபி இவன் தலையில்தான் போட்டாள். பாலிகிளினிக்கின் பதிவு முகப்பில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவள் அவள். எண் கூப்பிடும் முன்பே எழுந்து போய்விடுகிற ஆட்களை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தம்பிக்கு அந்த முகம்.

எல்லாவற்றையும் விட்டபின் அக்காவின் வீட்டுக்கு ஒரு பியானோவோடு வந்து சேர்ந்தான். பதினோரு வருடம் ஒரே ஒரு படைப்பை எழுதிக்கொண்டிருந்தான். பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக, நான்கு பகுதிகளில். டிரையோ என்பான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாக்காரர்களின் உருக்கமும், தான் லவுஞ்சில் வாசித்த ஜாஸும் ஒன்றாகக் கலந்தது என்று யாராவது கேட்டால் விளக்குவான். யாரும் கேட்பதில்லை. ரூபி ஒரு முறை கேட்டுவிட்டு, "ஒரு கால் சாவு வீட்டுல, ஒரு கால் பார்லயா?" என்றாள். அவன் சிரித்தான். கோபப்படக்கூட அவனுக்கு முழுதாக வராது.

அவன் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே ஒரு சுவர். மாலையில் அவள் ஜெபமாலையை எடுக்கும் நேரம் பார்த்துத்தான் அவனும் வாசிப்பான். நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். ஒரு நிமிடம், சில இடங்களில் அதற்கும் மேல், சத்தமே இருக்காது. பிறகு சம்பந்தமே இல்லாத இன்னோர் இடத்தில் ஆரம்பிக்கும். "விட்டுட்டான்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் மாலையின் அடுத்த மணிக்குப் போவாள்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். "முடிச்சிட்டேன்க்கா," என்றான். ரூபி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஈரம் படும், எடு," என்றாள். எடுத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு ஏதோ ஒரு நிகழ்ச்சியில் அவனுடைய இசை நண்பர்கள் மூன்று பேர் முதல் இரண்டு பகுதிகளை மட்டும் வாசித்தார்கள். நேரம் போதவில்லையாம். அன்றைக்குத் தேவாலயத்தில் நவநாள் ஜெபம், ரூபி போகவில்லை. மற்ற இரண்டு பகுதிகளையும் மூன்று பேர் சேர்ந்து எங்கும் வாசித்ததில்லை, எழுதியவனே கேட்டதில்லை என்பது நேற்றுத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவர்களில் செல்லோ வாசிக்கும் உமைர் துக்கம் கேட்க வந்தபோது சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் ரூபி தீர்மானித்துவிட்டாள். பிடித்திருக்கிறதா என்பது வேறு பேச்சு. சவப்பெட்டியை மூடுவதற்குள் இவன் ஆரம்பித்த ஒன்றாவது கடைசிவரை போய்ச் சேரவேண்டும்.

தேவாலயத்தில் முடியாது என்று ஃபாதர் சொல்லிவிட்டார். பூசையில் ஜாஸுக்கு இடமில்லை. அதில் ரூபிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆகவே இங்கேதான், பன்னிரண்டரைக்கு மூடி வைப்பதற்கு முன்னால். பதினோராவது மாடியிலிருந்து பியானோவை இறக்க வழியில்லை என்பதால் ஒரு மின்பியானோ வந்திருந்தது. அதன் முன்னால் மிரண்டா உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் இசை ஆசிரியை, நாற்பது வயது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்ததால் ரூபி மேலே போய்த் துணி கிளிப்புகள் எடுத்துவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இத்தனை படித்தவர்களுக்கு ஒரு கிளிப்பு எடுத்துவரத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட் மூவ்மென்ட் மட்டும் வாசிக்கலாம்னு இருக்கோம், ஆன்ட்டி," என்றாள் திவ்யதர்ஷினி. "ஒன்பது நிமிஷம். ரொம்ப டீசன்டா இருக்கும்."

"மொத்தம் எவ்வளவு?"

"ஃபுல்லா வாசிச்சா முப்பத்தோரு நிமிஷம். பட் லாஸ்ட் மூவ்மென்ட் கொஞ்சம் ஜாஸ் ஸ்விங் மாதிரி போவும் லா. ஃப்யூனரலுக்கு சரிப்படாது."

"கஷ்டமா?"

திவ்யதர்ஷினி வயலினின் முறுக்காணியைத் திருகினாள். "கஷ்டமும்தான்."

"அதச் சொல்லு முதல்ல."

"நேத்து சாயங்காலம் ரெண்டு தடவ வாசிச்சுப் பாத்தோம்," என்றான் உமைர். "தப்பு வரும், ஆன்ட்டி. ஆனா வாசிக்கலாம்."

மூவரில் இவன் ஒருவன் மட்டும் கறுப்பு உடை போட்டு வரவில்லை. பழுப்புச் சட்டை, சாதாரண கால்சட்டை. ரூபிக்கு அவன்மேல் வெறுப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது.

கடைசித் தம்பி கிளாரன்ஸ் வந்தான். வீடு விற்றுத் தரும் முகவர். மூன்று நாளாகத் துக்கத்தையும் ஒரு வீட்டைக் காட்டுவதுபோலத்தான் நடத்திக்கொண்டிருந்தான். வருகிறவர்களை வாசலில் நின்று கைகுலுக்கி, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வழிகாட்டினான்.

"அக்கா, ஒரு மணிக்கு பூசை. மண்டாய்ல தகனத்துக்கு மூணேகால் ஸ்லாட். ஒரு ஐட்டம் போதும்லா."

"ஐட்டமா?"

"சரி, பாட்டு."

"இப்ப மணி பதினொன்னு அம்பது. பன்னெண்டரைக்கு மூடுறோம். முப்பத்தோரு நிமிஷம் அதுக்குள்ள அடங்கும். நீ போய் வாசல்ல நில்லு."

கிளாரன்ஸ் போய் வாசலில் நின்றான்.

ஆரம்பித்தார்கள். முதல் பகுதி உருக்கமாக, அகலமாகப் போனது. வயலின் மேலே ஏற ஏறச் சில பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அழத் தெரியாமல் மூன்று நாளாகச் சிரமப்பட்டவர்களுக்கு ஒரு வசதி கிடைத்துவிட்டது என்று ரூபி பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மிரண்டாவின் இடதுகை இலேசாகக் குறும்பு பண்ணியது, ஹோட்டல் லவுஞ்ச் எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொண்டது. யாரும் கவனிக்கவில்லை. முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் இரண்டு தடவை கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பகுதி மெதுவானது. அது நடக்கும்போது ஒரு குழந்தை வேர்க்கடலைத் தட்டைக் கொட்டியது. கிளாரன்ஸின் கைப்பேசி ஒலித்தது. அடக்கச் சேவைக் குழுவின் அழகர்சாமி தன் ஆட்கள் மூவரோடு தூணருகே வந்து நின்றார். நல்ல மனிதர், வேலையில் ஒழுங்கு. மூடியின் திருகாணிகள் அவர் சட்டைப் பையில் இருந்தன.

பகுதி முடிந்தது. உமைர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். மிரண்டா கிளிப்புகளைக் கழற்றி, அடுத்த தாள்களை விரித்து, மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினாள். அமைதி கொஞ்சம் நீண்டது.

அந்த அமைதிக்குள் ஃபிலோமினா ஆன்ட்டி சிலுவை போட்டாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எழுபத்தெட்டு வயது. தேவாலயத்தின் ஜெபக்குழுவான மரியாயின் சேனையில் ரூபிக்கு முந்தைய தலைவி. எந்த வீட்டிலும் ஒரு நொடி மௌனம் கிடைத்தால் அதில் ஜெபமாலையை நுழைத்துவிடுவாள். அதன் முதல் ஜெபமான விசுவாசப் பிரமாணத்தை அவள் ஆரம்பித்ததும் பந்தல் முழுக்கப் பதில் சொன்னது. மூன்று நாளில் முதல் தடவையாக என்ன செய்யவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நிம்மதி குரலிலேயே கேட்டது. திவ்யதர்ஷினி வயலினை மடியில் இறக்கினாள். உமைர் தலைகுனிந்து வில்லைத் தாழ்த்திக்கொண்டான். இன்னொருவர் தொழுகையில் குறுக்கிடக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை.

ரூபியின் வாயும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நாற்பது வருடப் பழக்கம். முதல் அருள் நிறைந்த மரியே முடிந்து, இரண்டாவதும் பாதி வந்தபிறகுதான் தான் சொல்வதை அவளே கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பன்னிரண்டு. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும். முடித்ததும் அழகர்சாமி மூடியைத் தூக்குவார். அன்றைக்கு நிகழ்ச்சியில் நின்ற அதே இடத்தில், இரண்டாம் பகுதியோடு, இன்றைக்கும் நின்றுவிடும்.

ஜெபமாலையை யாரும் நடுவில் நிறுத்துவதில்லை. ஜெபமாலைக்கு நடுவே கைப்பேசியை எடுத்த ஒரு பெண்ணை ரூபியே ஒரு தடவை எல்லார் முன்னாலும் எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் இப்போது நாலாவது வரிசையில் இருந்தாள்.

ரூபி எழுந்து போய் ஃபிலோமினா ஆன்ட்டியின் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க, ஆன்ட்டி."

குரல்கள் ஒவ்வொன்றாக விழுந்து அடங்கின. பின்வரிசை மட்டும் தெரியாமல் இன்னும் அரை வரி சொன்னது.

"ரூபி, ஜெபமாலையவா நிறுத்தச் சொல்ற?"

"ஆமா. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

"என்னது ரெண்டு?"

பாட்டு என்று சொன்னால், தம்பி இருந்தால் திருத்துவான், பாடுவதற்குத்தான் பாட்டு என்று பெயர் என்பான். "அவன் எழுதினது," என்றாள் ரூபி.

"அத அப்புறம் வச்சுக்கலாமே. மாதாவ நிறுத்திட்டு..."

"மாதா எங்கயும் போக மாட்டாங்க. இவன் இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருப்பான்."

கிளாரன்ஸ் வாசலிலிருந்து விரைந்து வந்தான். "அக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வேற எதுக்கு வந்தாங்க?" கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். பாலிகிளினிக் முகப்பில் கத்தாமலேயே கடைசி நாற்காலிவரை கேட்கும் அந்தக் குரல் அவளிடம் இன்னும் இருந்தது. "இவங்க நடுவுல நிறுத்துவாங்க. அது முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. யாரும் கைதட்டாதீங்க, ஜெபம் சொல்லாதீங்க, எழுந்திரிக்காதீங்க. முடிஞ்சதும் நான் சொல்றேன்."

ஃபிலோமினா ஆன்ட்டி எங்கே விட்டோம் என்று மறந்துவிடாதபடி இரண்டாம் மணியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிலுவையைப் பார்த்தாள். நாளைக்கு இது தேவாலயம் முழுக்கப் பரவியிருக்கும். தலைவி பதவி போய்விடும் என்பதும் ரூபிக்குத் தெரியும். போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத் தனக்கு முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் பகுதி சின்னது, ஓட்டமும் நிறுத்தமுமாகப் போய் முடிந்தது. யாரும் அசையவில்லை. நான்காவதை ஆரம்பித்தார்கள்.

ஆரம்பத்திலிருந்தே அது சாவு வீட்டு விஷயமாக இல்லை. மிரண்டாவின் இடதுகை நடந்துபோனது, நிதானமாக, காசில்லாதவன் மாலையில் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டு நடப்பதுபோல. வயலின் அதன் மேல் ஏறி ஒரு பழைய உருக்கத்தைத் தொடங்கி, பாதியில் சிரித்துவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார் மியூசிக்," என்று யாரோ காதோடு சொன்னது ரூபிக்குக் கேட்டது. மூன்றாம் வரிசைக் கிழவர் ஒருவரின் செருப்பு தரையில் தாளம் போட்டது. அவர் மனைவி அவர் முழங்காலை அழுத்தினாள்.

பிறகு பிசகியது. திவ்யதர்ஷினி எங்கோ இடத்தைத் தவறவிட்டாள். வில் அலைந்தது, முகத்திலிருந்த மெத்தப் படித்த களை போய் வியர்த்துவிட்டது. உமைர் வாசித்தபடியே வாய்விட்டு எண்ணினான், "மூணு, நாலு, வாங்க," என்றான். அவள் வந்து சேர்ந்தாள். ரூபி தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பியானோ நின்றது.

விட்டுட்டான் என்று அவளுக்குள் தானாக வந்தது. அந்த இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இதே இடத்தில்தான் நிற்கும், நூறு தடவை நின்றிருக்கிறது. அவள் மிரண்டாவைப் பார்த்தாள். மிரண்டாவின் கைகள் மடியில் கிடந்தன. ஆனால் உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள். செல்லோ கீழே ஒரு நீண்ட பேச்சைத் தொடங்கியிருந்தது, வயலின் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பியானோ வேண்டுமென்றே அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியிருந்தது. இருப்பதிலேயே நல்ல இடம் அதுதான். அவன் தனக்கென்று அதில் ஒரு சுரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அது நடந்தது. பிறகு மிரண்டா கையைத் தூக்கி வைத்தாள். சம்பந்தமே இல்லை என்று ரூபி பதினோரு வருடமாக நினைத்திருந்த அந்தச் சுரங்கள் மற்ற இரண்டும் கொண்டுவந்து நிறுத்திய இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து இந்தப் பந்தலில் யார் யாரையெல்லாமோ இளக்காரமாகப் பார்த்தவள் இப்போது தன்னை அப்படிப் பார்த்தாள். பக்கத்து அறையில் ஒருவன் உட்கார்ந்து, அங்கே இல்லாத இரண்டு பேருக்காக ஒவ்வொரு மாலையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். கதவைத் தட்டி, ஏன் நின்றுவிட்டாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அக்கா கேட்டால் எதையும் சொல்கிறவன்தான் அவன்.

சவப்பெட்டியில் அவன் முகம் பவுடர் பூசி, கன்னம் உப்பி, யாரோ ஒரு வங்கி அதிகாரிபோல இருந்தது. விரல்களுக்கு நடுவே ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். அதைச் சுற்றியவள் அவள்தான்.

மூன்று வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து, கொஞ்ச தூரம் வேகமாகப் போய், வேகம் தணிந்து, ஓர் இடத்தில் வந்து நின்றன. அது பெரிய முடிவாக இல்லை. பேசிக்கொண்டே நடந்தவர்கள் வீடு வந்ததும் நிற்பதுபோல நின்றது. மிரண்டா மிதியிலிருந்து காலை எடுத்தாள். திவ்யதர்ஷினியின் வில் இறங்கியது. தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ரூபிக்கும் தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கேட்ட கடைசிச் சுரமும் அதுதான்.

யாரும் கைதட்டவில்லை, யாரும் எழவில்லை. நூறு பேரும் ரூபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றின. பன்னிரண்டு இருபத்தெட்டு. அழகர்சாமி சட்டைப் பையில் கை வைத்து, தன் ஆட்களைப் பார்த்து, அவர்கள் மூடியின் பக்கம் நகராதபடி விரலை அசைத்தார்.

கிளாரன்ஸ் குனிந்து அவள் காதருகே வந்தான். "அக்கா, முடிஞ்சிருச்சா?"

மடியில் கைவைத்து எண்ணிய மிரண்டாவைப் பார்த்ததுபோல, ரூபி தம்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்ல," என்றாள்.

திவ்யதர்ஷினி திடுக்கிட்டுத் தாளைப் பார்த்தாள், புரட்டினாள். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. உமைர் ரூபியைப் பார்த்தான். பிறகு, இறக்கி வைத்திருந்த வில்லை எடுத்து, சத்தம் வராமல், மறுபடியும் தந்தியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.